தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை: ஒரு ஃபிடிக் ஒப்பந்தம் இந்தோனேசியாவில் பட்ட பாடு

2008 நவம்பர் 25. இந்தோனேசியாவில் எரிவாயுக் குழாய் பதித்த கான்ட்ராக்டருக்கு 1,72,98,834 அமெரிக்க டாலரும் 57 சென்டும் கொடுக்க வேண்டும் என்று, ஒப்பந்தப்படி அமர்த்தப்பட்ட தகராறுக் குழு முடிவு சொன்னது. குழு என்ன முடிவு சொன்னாலும் அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், உடனே அதன்படி நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கொடுக்கச் சொன்ன உத்தரவு செல்லும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடைசியாகச் சொன்னது 2015 மே 27 அன்று. இடையில் ஆறரை வருடம், இரண்டு நடுவர் வழக்குகள், நான்கு நீதிமன்றத் தீர்ப்புகள். இத்தனைக்கும் அந்தத் தொகை நியாயமானதா இல்லையா என்பதைப் பற்றி அல்ல இந்தச் சண்டை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி.

கட்டுமான ஒப்பந்த வட்டாரத்தில் இதை 'பெர்சேரோ வழக்கு' என்பார்கள்; கிளையன்ட் நிறுவனத்தின் முழுப் பெயரில் வரும் சொல் அது. ஒரு நாட்டுப் பழக்கத்தில் பிறந்த ஒப்பந்தப் படிவத்தை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகும்போது என்னென்ன விட்டுப்போகும் என்று பார்க்க இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியவில்லை.

கிளையன்ட், பி.டி. பெருசஹான் காஸ் நெகரா. சுருக்கமாக பி.ஜி.என். இந்தோனேசிய அரசின் எரிவாயு நிறுவனம், பங்குச்சந்தையிலும் இருப்பது. கான்ட்ராக்டர், சி.ஆர்.டபிள்யூ. ஜாயின்ட் ஆபரேஷன். 2006 பிப்ரவரி 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. தெற்கு சுமத்ராவில் கிரிசிக்கிலிருந்து பகர்தேவா வரை 36 அங்குலக் குழாயும் கூடவே ஆப்டிகல் ஃபைபர் கேபிளும் பதிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு இந்தோனேசியச் சட்டம் பொருந்தும். தகராறு வந்தால் ஐ.சி.சி. என்னும் சர்வதேச வர்த்தக சபையின் விதிகளின்படி சிங்கப்பூரில் நடுவர் விசாரணை. நிபந்தனைகள், 'சிவப்புப் புத்தகம்' எனப்படும் ஃபிடிக்கின் கட்டுமான ஒப்பந்தப் படிவம், 1999 பதிப்பு, சில மாற்றங்களோடு.

ஃபிடிக் என்பது ஆலோசனைப் பொறியாளர்களின் உலகக் கூட்டமைப்பு. 1913இல் தொடங்கியது, தலைமையகம் ஜெனீவா. ஆனால் 1957இல் வந்த முதல் சிவப்புப் புத்தகத்தின் பூர்வீகம் ஜெனீவா அல்ல, லண்டன். இங்கிலாந்தின் சிவில் பொறியாளர் கழகம் வெளியிட்டுவந்த படிவத்திலிருந்து பிறந்தது அது. கிளையன்டின் சம்பளத்தில் இருந்துகொண்டே இரு தரப்புக்கும் நடுவில் நின்று பில் சான்றளிக்கும் 'எஞ்சினியர்' என்ற பாத்திரம், தாமதத்துக்கு நாள் கணக்கில் பிடித்தம், ஒவ்வொரு கிளெய்முக்கும் நோட்டீஸ், எல்லாமே ஆங்கிலேயப் பொதுச் சட்டத்துக்குள் புழங்கிப் பழகிய சங்கதிகள். இந்தோனேசியாவோ அந்த வழி வந்த நாடு அல்ல. டச்சுக்காரர்கள் 1848இல் கொண்டுவந்த சிவில் சட்டத் தொகுப்புதான் இன்றும் அங்கே ஒப்பந்தங்களுக்கு அடித்தளம்.

சரி, தகராறு எப்படித் தீர வேண்டும் என்று 1999 புத்தகம் சொல்கிறது? 20.4 முதல் 20.7 வரையிலான நான்கு உட்பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தகராறை முதலில் டி.ஏ.பி. என்னும் தகராறுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு 84 நாளுக்குள் முடிவு தரும். முடிவு பிடிக்காதவர் 28 நாளுக்குள் அதிருப்தி நோட்டீஸ் கொடுக்கலாம். யாரும் கொடுக்காவிட்டால் அந்த முடிவு கட்டுப்படுத்துவது மட்டுமல்ல, இறுதியானதும் ஆகிவிடும். நோட்டீஸ் கொடுத்துவிட்டால் இறுதியாகாது. ஆனாலும் நடுவர் மன்றம் மாற்றும்வரை கட்டுப்படுத்தும். நோட்டீசுக்குப் பிறகு 56 நாள் சமரசத்துக்கு. அது முடிந்தால் 20.6இன்படி நடுவர் விசாரணை தொடங்கலாம்.

இப்போது 20.7க்கு வாருங்கள். குழுவின் முடிவுப்படி ஒருவர் நடக்காவிட்டால், அந்த மீறலை மட்டும் எடுத்துக்கொண்டு நேராக நடுவர் மன்றத்துக்குப் போகலாம், மறுபடி குழு, சமரசம் எதுவும் தேவையில்லை என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் யாருக்கு? இறுதியாகிவிட்ட முடிவுகளுக்கு மட்டும். அதிருப்தி நோட்டீஸ் கொடுத்தபின் பணமும் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது என்று புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை. நடைமுறையில் பெரும்பாலும் நடப்பதோ இதுதான்! பெரிய தொகை கொடுக்கச் சொன்னால் அதிருப்தி நோட்டீஸ் கொடுக்காத கிளையன்ட் அபூர்வம். அபூர்வமாக நடப்பதற்கு வழி வகுத்துவிட்டு, அன்றாடம் நடப்பதை விட்டுவிட்டார்கள்.

பி.ஜி.என். மூன்றாம் நாளே, நவம்பர் 28 அன்று, நோட்டீஸ் கொடுத்துவிட்டது. குழு சொன்ன மற்ற முடிவுகளில் அதற்குச் சிக்கல் இல்லை, இந்த ஒன்றில்தான். சி.ஆர்.டபிள்யூ. 56 நாளைத் தாண்டவிட்டு 2009 பிப்ரவரி 13 அன்று ஐ.சி.சி.யில் வழக்குப் போட்டது. அதில் கேட்டது ஒன்றே ஒன்று: குழு சொன்ன பணத்தை உடனே கொடுக்கச் சொல்லுங்கள். தொகை சரியா தவறா என்ற விசாரணைக்குள் அது போகவில்லை. பி.ஜி.என். பதிலில், குழுவின் முடிவைத் திறந்து மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. மூன்று நடுவர்களில் பெரும்பான்மை கான்ட்ராக்டர் பக்கம் நின்று, 2009 நவம்பர் 24 அன்று இறுதித் தீர்ப்பே கொடுத்துவிட்டது: பணத்தைக் கொடு, முடிவை மாற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு நடுவர் வழக்குப் போட்டுக்கொள்.

அங்கேதான் சிக்கியது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜூடித் பிரகாஷ் 2010இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். பணம் கொடுக்காதது தனியொரு தகராறு. அதையும் முதலில் குழுவிடம் கொண்டுபோயிருக்க வேண்டும், கொண்டுபோகவில்லை என்பது காரணம். அதாவது, குழு சொன்ன பணத்தைக் கொடுக்கவில்லை என்பதற்காகத் திரும்பவும் குழுவிடம் போய், அது "ஆமாம், கொடுக்கத்தான் வேண்டும்" என்று சொன்னபின் 28 நாள், 56 நாள் எல்லாம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டாம் முடிவுக்கும் அதிருப்தி நோட்டீஸ் கொடுத்தால்? முடிவே இல்லாத சுற்று. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரத்து சரி என்றது, ஆனால் வேறு காரணத்துக்கு: 20.6இன்படி போனால் நடுவர் மன்றம் தகராறின் உள்விஷயத்தையும் விசாரித்தாக வேண்டும். அதைத் தொடாமல் இறுதித் தீர்ப்பு சொன்னது அதிகார வரம்பு மீறல், பி.ஜி.என். தன் வாதத்தைச் சொல்ல வாய்ப்பு கிடைக்காமல் போனது இயற்கை நீதிக்கு விரோதம். கூடவே வழியும் காட்டியது: ஒரே வழக்கில் இரண்டையும் வை, விசாரணை முடியும்வரை பணத்துக்கு இடைக்காலத் தீர்ப்புக் கேள்.

சி.ஆர்.டபிள்யூ. அப்படியே செய்தது. 2011இல் இரண்டாவது வழக்கு; 2013 மே 22இல் இடைக்காலத் தீர்ப்பு, அதே தொகைக்கு. பி.ஜி.என். மறுபடியும் நீதிமன்றம் போனது. இந்த முறை ஆயுதம் வேறு. சிங்கப்பூர் சர்வதேச நடுவர் சட்டத்தின் 19பி பிரிவு, தீர்ப்பு என்றால் இறுதியானதாக இருக்க வேண்டும் என்கிறது. பின்னால் மாறக்கூடிய ஒன்றை எப்படித் தீர்ப்பு என்பது? நீதிபதி வினோத் குமாரசாமி 2014இல் இதைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனும் நீதிபதி குவென்டின் லோவும் அதை உறுதி செய்தார்கள். சான் செக் கியோங் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மையின் தர்க்கம் இது: இப்போதைக்குப் பணம் கொடுக்கும் கடமை தனியானது, அந்தக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பு இறுதியானதுதான். தொகை சரியா என்பது வேறு கேள்வி.

வழக்கின் கதை இவ்வளவே. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்பதுதான்.

குழு அவசரமாக முடிவு சொல்லும், தப்பாக இருந்தாலும் முதலில் பணம் கைமாறட்டும், சண்டை அப்புறம் என்ற யோசனை இங்கிலாந்தில் நன்றாக வேலை செய்கிறது. அங்கே அதன் முதுகுக்குப் பின்னால் 1996ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது. சில விலக்குகள் தவிர, கட்டுமான ஒப்பந்தம் செய்தவர் எப்போது வேண்டுமானாலும் இப்படி முடிவு கேட்கலாம் என்று அந்தச் சட்டமே உரிமை கொடுக்கிறது. 1999இல் மேகாப் (Macob) என்ற நிறுவனத்தின் வழக்கில் நீதிபதி டைசன், முடிவில் குறை இருப்பதாக வாதாடினாலும் பணத்தை முதலில் கொடு என்றார். அன்றிலிருந்து அங்கே நீதிமன்றத்துக்குப் போய்ச் சுருக்க விசாரணையில் உத்தரவு வாங்கிவிடலாம். சிங்கப்பூரும் 2004இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. ஆனால் அது சிங்கப்பூரில் நடக்கும் வேலைகளுக்கு. சுமத்ராவில் பதித்த குழாய்க்கு அது பொருந்தாது. நடுவர் மன்றம் மட்டும்தான் சிங்கப்பூரில். இந்தோனேசியாவில் அன்றைக்கு அப்படியொரு சட்டமே இல்லை.

ஆக, ஒப்பந்தத்தில் "உடனே கொடு" என்ற வார்த்தை பயணப்பட்டது. அதைக் கொடுக்க வைக்கும் சட்டம் பயணப்படவில்லை. உள்நாட்டுச் சட்டம் கொடுக்காததை ஒப்பந்தமே முழுதாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 1999 புத்தகம் பாதி எழுதியது, கையெழுத்துப் போட்டவர்கள் மீதியை எழுதவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் தொழிலில் "படிவத்தை நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டோம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சிறப்பு நிபந்தனைகளைத் திறந்து பார்த்தால் கால நீட்டிப்புக்கான காரணங்களில் பாதியை அடித்திருப்பார்கள், எதிர்பாராத மண் நிலைமை முழுக்கக் கான்ட்ராக்டர் தலையில், வட்டி பிரிவே இருக்காது. இதெல்லாம் பேரம். கிளையன்ட் கை ஓங்கியிருக்கிறது என்று மட்டும்தான் அதிலிருந்து தெரியும். உள்நாட்டுச் சட்டத்தோடு பொருத்துவது வேறு வேலை; அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

இந்தோனேசியாவையே எடுத்துக்கொள்வோம். ஃபிடிக் 15.2, கான்ட்ராக்டர் தவறினால் 14 நாள் நோட்டீசில் கிளையன்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. சிவில் சட்டத் தொகுப்பின் 1266ஆம் பிரிவோ, ஒரு தரப்புத் தவறினாலும் ஒப்பந்தம் தானாக முடியாது, நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்கிறது. அதனால்தான் இந்தோனேசிய வழக்கறிஞர்கள் எழுதும் ஒப்பந்தங்களில் "1266ஆம் பிரிவைத் தரப்பினர் கைவிடுகிறார்கள்" என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரி ஃபிடிக் புத்தகத்தில் இருக்காது, இருக்கவும் முடியாது. அதைச் சேர்க்காமல் சைட்டைக் கைப்பற்றப் போனால், பாதி வேலையில் கான்ட்ராக்டர் நீதிமன்றத் தடையோடு வருவார்.

தாமதத்துக்கு 8.7இன்படி நாளுக்கு இவ்வளவு என்று பிடிக்கிறோம். ஆங்கிலச் சட்டத்தில் அந்த வீதம் நிற்கும், அல்லது தண்டம் என்று விழும்; நடுவில் ஒன்றும் இல்லை. இந்தோனேசியாவில் 1309ஆம் பிரிவு, வேலை ஒரு பகுதி முடிந்திருந்தால் அந்தத் தண்டத் தொகையை நீதிபதி மாற்றலாம் என்கிறது. எனவே 'வீதம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வேறு ஆதாரம் எதற்கு' என்று கிளையன்ட் தரப்பு சும்மா இருந்துவிட முடியாது. எந்தத் தேதியில் எவ்வளவு வேலை முடிந்தது என்ற பதிவு இரு பக்கத்துக்கும் காசு.

அதைவிடச் சுவாரசியம் 1611. கிளையன்ட் தன் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை நிறுத்தலாம், ஆனால் கான்ட்ராக்டரின் செலவோடு அவர் இழந்த லாபத்தையும் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. 1999 ஃபிடிக்கில் இப்படி நிறுத்தினால் செய்த வேலைக்கும் செலவுக்கும்தான் பணம், இழந்த லாபம் கிடையாது. இரண்டில் எது செல்லும் என்று ஒப்பந்தம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் நன்றாக வாழ்வார்கள். 2017 பதிப்பில் ஃபிடிக்கே இழந்த லாபத்தைச் சேர்த்துவிட்டது.

கட்டடம் இடிந்தால் பத்து வருடப் பொறுப்பு, 1609இல் இருக்கிறது. குறை திருத்தும் காலம் ஒரு வருடத்தில் முடிந்து கடைசிச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, இனி நிம்மதி என்று நினைக்கும் வெளிநாட்டுக் கான்ட்ராக்டர் காப்பீட்டை அந்தப் பத்து வருடத்துக்கும் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது நல்லது. மொழியும் சட்டப் பிரச்சினைதான். 2009ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டம், இந்தோனேசியத் தரப்பு இருக்கும் ஒப்பந்தத்தை இந்தோனேசிய மொழியில் எழுதச் சொல்கிறது. 2013இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம், ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒரு கடன் ஒப்பந்தத்தைச் செல்லாது என்றே சொல்லிவிட்டது. நம் குழாய் ஒப்பந்தம் 2006இலேயே கையெழுத்தானது என்பதால் அதற்கு இந்தக் கவலை வரவில்லை. இன்று எழுதுபவருக்கு உண்டு.

பெர்சேரோவுக்குத் திரும்புவோம். அந்த ஒப்பந்தத்தை இன்று எழுதினால் 20ஆம் பிரிவில் என்ன சேர்ப்பேன்? "உடனே" என்பதற்குப் பதில் நாள் கணக்கு: முடிவு கிடைத்த 28 நாளுக்குள் பணம், அதிருப்தி நோட்டீஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தவறினால் இன்ன வீதத்தில் வட்டி. அடுத்து, முடிவுப்படி நடக்காததே தனி மீறல். அதற்காக மறுபடி குழுவுக்கோ சமரசத்துக்கோ போகத் தேவையில்லை. மூன்றாவது, உள்விஷய விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பணத்துக்கு இடைக்காலமாகவோ பகுதியாகவோ தீர்ப்பு தர நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வது. இதோடு, நடுவர் மன்றம் உட்காரும் ஊரின் சட்டம் 'தீர்ப்பு' என்று எதைச் சொல்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுவேன். இரண்டாவது சுற்று முழுக்க அந்த 19பியில்தான் ஓடியது. வேலை நடக்கும் நாட்டுச் சட்டம் ஒன்று, விசாரணை நடக்கும் ஊர்ச் சட்டம் ஒன்று. படிவத்தை இரண்டோடும் பொருத்த வேண்டும் என்பதைப் பலர் மறந்துபோகிறார்கள்.

இது முன்கூட்டித் தெரியாத விஷயமா என்றால், இல்லை. சிவப்புப் புத்தகத்தின் பழைய நான்காம் பதிப்பின் கீழ் எஞ்சினியர் சொன்ன முடிவுக்கு இடைக்காலத் தீர்ப்பு கொடுத்த ஐ.சி.சி. வழக்கு ஒன்று, எண் 10619, 2001இலேயே வந்துவிட்டது. சி.ஆர்.டபிள்யூ.வின் முதல் வழக்கும் அந்தப் பாதையில் போயிருந்தால் ஐந்து வருடம் மிஞ்சியிருக்கலாம். ஃபிடிக்கும் 2008இல் வந்த தங்கப் புத்தகம் என்ற இன்னொரு படிவத்தில் ஓட்டையை அடைத்தது. ஆனால் உலகம் முழுக்கக் கையில் வைத்திருந்தது சிவப்புப் புத்தகத்தைத்தான். அதற்கு 2013 ஏப்ரல் 1 அன்றுதான் வழிகாட்டுக் குறிப்பு வந்தது. 2017 பதிப்பில் 21.7 வந்தபிறகு, இறுதியான முடிவானாலும் ஆகாததானாலும் மீறினால் நேராக நடுவர் மன்றம். படிவத்தை மாற்றும்போது மீறக் கூடாதவை என்று 2019இல் ஃபிடிக் வெளியிட்ட பொற்கோட்பாடுகளில், தகராறு முதலில் குழுவுக்குப் போக வேண்டும் என்ற ஐந்தாவது கோட்பாடு "ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் சட்டத்தோடு முரண்படாதவரை" என்றுதான் தொடங்குகிறது. இருபது வருடம் முன்பே அப்படித் தொடங்கியிருக்கலாம்.

இந்தியாவில் ஃபிடிக் படிவத்தைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மிடமும் இங்கிலாந்து மாதிரியான சட்டம் கிடையாது. எனவே 1999 பதிப்பைப் பயன்படுத்தினால் இதே ஓட்டை நமக்கும் உண்டு. அதோடு நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, 1997 திருத்தத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட கெடுவுக்குள் கேட்காவிட்டால் உரிமையே போய்விடும் என்று எழுதும் நிபந்தனைகளைச் செல்லாது என்கிறது. ஃபிடிக் 20.1இன் 28 நாள் நோட்டீஸ் கெடு இதில் மாட்டுமா என்று வாதாட இடமிருக்கிறது. அதை நம்பி யாரும் நோட்டீசைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்தோனேசியாவும் சும்மா இருக்கவில்லை. 2017இல் வந்த புதிய கட்டுமானச் சேவைச் சட்டம் தகராறுக் குழுவை அங்கீகரிக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் வாங்கிய தீர்ப்பைச் சுமத்ராவிலோ ஜகார்த்தாவிலோ பணமாக்க வேண்டுமென்றால் இன்னும் 1999ஆம் ஆண்டின் 30ஆம் எண் நடுவர் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டுத் தீர்ப்பை மத்திய ஜகார்த்தா மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ய வேண்டியவர் வென்ற கான்ட்ராக்டர் அல்ல. நடுவர்கள், அல்லது அவர்கள் அதிகாரம் கொடுத்த ஒருவர். விசாரணை முடிந்து நடுவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனபின் அந்த அதிகாரப் பத்திரத்துக்கு அலைவது பெரும்பாடு. தீர்ப்பில் கையெழுத்துப் போடும்போதே மூவரிடமும் அதையும் எழுதி வாங்கிவிட வேண்டும். முடிந்தால், தருவார்கள் என்று விசாரணையின் முதல் நடைமுறை உத்தரவிலேயே சேர்த்துவிடுவது உத்தமம்.